ஆன்லைன் ஜர்னலுக்கு யூசேஜ் ஸ்டேட்டிஸ்டிக்ஸ்னா என்னங்க, லைப்ரரிக்கு அது எப்படிக் கெடைக்கும்?

லைப்ரரி காசு கட்டி வாங்குற ஆன்லைன் ஜர்னல்ல மாசாமாசம் எத்தன கட்டுரைய நம்ம காலேஜ் ஆளுக திறந்தாங்க, டவுன்லோடு பண்ணாங்கங்கிற கணக்குதானுங்க அது. அச்சுல வந்தப்ப மேசைமேல கெடக்குற இதழ எண்ணினா போதும், இப்ப கட்டுரை இருக்கறது பப்ளிஷரோட சர்வர்ல, அதனால கணக்கும் அவங்க கையிலதான், லைப்ரரியனுக்குன்னு ஒரு அட்மின் லாகின் குடுப்பாங்க, அதுல போயி ரிப்போர்ட் எடுத்துக்கலாம்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில ஆளுக்கொரு தராசு வெச்சா எத எதோட ஒப்பிடறது? பப்ளிஷருக ஆளுக்கொரு விதமா எண்ணுனதால அதே சிக்கல் இங்கயும் இருந்துச்சு, அதுக்காக 2002ல ஆரம்பிச்சதுதான் கவுன்ட்டர் (COUNTER)ங்கிற பொது அளவு. ஒரே கட்டுரைய ஒரே ஆள் 30 செகண்டுக்குள்ள ரெண்டு தடவ கிளிக் பண்ணா ஒண்ணுதான்னு அதுல விதியே இருக்குதுங்க. சந்தா இல்லாததால தெறக்க முடியாமப் போன தடவைகளும் அதுல தனியா வரும், இதத்தான் நான் ரொம்ப முக்கியம்னு சொல்லுவேன், கோயமுத்தூர்ல டெக்ஸ்டைல் படிக்கற பசங்க எந்த ஜர்னல் கெடைக்காமத் திரும்பறாங்கன்னு அதுலதான் தெரியும், சந்தா புதுப்பிக்கறப்ப அதப் பாக்காம முடிவெடுக்காதீங்க.

யாரு என்ன படிச்சாங்கன்னு இதுல தெரிஞ்சிரும்னு நெறையப் பேரு நெனைக்கறாங்க, அப்படி இல்லைங்க, இந்த ரிப்போர்ட்ல ஜர்னல் பேரும் எண்ணிக்கையும்தான் வரும், படிச்சவங்க பேரு வராது.