அழுத்தினால் போதாது, இழுக்க வேண்டும்

கே: மூச்சை அடக்கினால் தவிப்பது ஆக்ஸிஜன் தீர்வதாலா?

இல்லை, கரியமில வாயு ஏறுவதால். அதைக் கண்டுதான் மூளைத்தண்டு, மூச்சை இழுக்கும் தசையான உதரவிதானத்தை விரட்டுகிறது. கிணற்றில் முங்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்குகிறவர்கள் கவனிக்க: கரியமில வாயு வெளியே போய்விடும், தவிப்பே வராது, தண்ணீருக்குள்ளேயே நினைவு தப்பும்.

கே: வெளிவிடும் மூச்சில்தான் ஆக்ஸிஜனே இல்லையே, வாயோடு வாய் வைத்து ஊதி என்ன பயன்?

யார் சொன்னது? உள்ளே போவது 21 சதவீதம், வெளியே வருவது 16. உயிர் காக்க அது போதும்.

கே: கடலை தின்னும்போது குழந்தைக்குப் புரையேறியது. அதிலிருந்து இருமல். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. என்ன சிரப் தரலாம்?

வயதும் இல்லை, எத்தனை நாள் இருமல் என்றும் இல்லை. சிரப் வேண்டாம். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. வலது மூச்சுக்கிளை அகலம், செங்குத்தும்கூட. பெரும்பாலும் அங்கேதான் போய் உட்காரும். இன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) தேவைப்படலாம். ஐந்து வயதுவரை முழுக்கடலை கூடாது.

கே: ஆஸ்துமாவுக்கு இரண்டு வருடமாக இன்ஹேலர் அடித்தும் பலனில்லை. பழகிவிடும் என்று வேறு சொல்கிறார்கள். மாத்திரைக்கு மாறலாமா?

எந்த இன்ஹேலர் என்று எழுதினால் கை தேய்ந்துவிடுமா? மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இரண்டு பஃப் 200 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையில் 4 மில்லிகிராம், அதாவது இருபது மடங்கு. அது ரத்தம் வழியாக ஊரெல்லாம் சுற்றி, கை நடுங்க, நெஞ்சு படபடக்க, கொஞ்சம்தான் நுரையீரலுக்கு வரும். இதில் எது 'பழகும்' மருந்து? பலனில்லாததற்குக் காரணம் பெரும்பாலும் கைப்பழக்கம். நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டால் இறுக்கிப் பிடித்து, இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, நான்கைந்து விநாடி நிதானமாக இழுங்கள். வெடுக்கென்று இழுத்தால் மருந்து தொண்டையில் அப்பிக்கொள்ளும். பத்து எண்ணும்வரை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் பொறுங்கள். கை ஒத்துழைக்காவிட்டால் ஸ்பேசர் (இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாய்) வாங்குங்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். இளைப்பு இல்லாத நாளிலும் அதை நிறுத்தாதீர்கள்.

கே: ஆக்ஸிமீட்டர் ரத்த ஆக்ஸிஜன் 88 சதவீதம் என்று காட்டுகிறது, ஆனால் நன்றாக இருக்கிறேன்!

நெயில் பாலிஷை அழித்து, விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். அப்போதும் 92க்குக் கீழ் என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கே: இன்ஹேலர் தீர்ந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கலாமா?

கூடாது. பெட்டியில் போட்ட பஃப் கணக்கை எண்ணிக் கழியுங்கள். வாய் கொப்பளித்தீர்களா?