வாளுக்கு உறை செய்ய யாரிடம் போவது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒரு வளைந்த வாள் இருக்கிறது. கைப்பிடியின் அடியில் வட்டமாக ஒரு தட்டு உண்டு. ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுப்போம். உறையைக் கரையான் தின்றுவிட்டது. புதிதாகச் செய்யக் கேட்டால் வாளின் மதிப்பைவிட அதிகமாகச் சொல்கிறார்கள். குறைந்த செலவில் அளவெடுத்துச் செய்ய வழி உண்டா?
— புதுக்கோட்டை வாசகர்

பதில்: உண்டு. வட்டத் தட்டு உள்ள கைப்பிடி என்றால் அது தல்வார் வகை வாள். ‘வாளுறை செய்பவர்’ என்று ஒரே ஆளைத் தேடினால் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் அவர் சொன்னதுதான் விலை. உறையைப் பிரித்துப் பாருங்கள், அதில் இருப்பது மூன்று சாதாரண வேலைகள். இரண்டு மரப்பலகைகளைக் குடைந்து ஒட்டுவது, அதன்மேல் தோலோ வெல்வெட்டோ போர்த்துவது, வாயிலும் நுனியிலும் பித்தளைப் பூண் மாட்டுவது. முதல் வேலைக்கு உங்கள் ஊர் ஆசாரி போதும். இரண்டாவதற்குச் செருப்பும் பெல்ட்டும் தைப்பவர். மூன்றாவதற்குப் பாத்திரப் பட்டறைக்காரரோ வெள்ளி வேலை செய்யும் பத்தரோ. கையிருப்புக் குறைவாக இருந்தால் பூணை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவையுங்கள், வெறும் துணி போர்த்துங்கள். மரக் குடைவில் மட்டும் கை வைக்காதீர்கள். உறை உறையாக இருப்பது அந்தக் குடைவினால்தான்.

ஆசாரியிடம் போவதற்கு முன் வீட்டிலேயே ஓர் அட்டைச் சோதனை செய்யுங்கள். கெட்டி அட்டையில் வாளைப் படுக்கவைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து அலகைச் சுற்றிக் கோடு இழுத்து வெட்டி எடுங்கள். இப்போது கையில் ஓர் அட்டை வாள் இருக்கும். பெரிய அட்டையில் அதே வடிவத்தில் ஓர் ஓட்டை இருக்கும். அட்டை வாளை ஓட்டையில் பொருத்தி, கைப்பிடிப் பக்கமாக மெல்ல இழுங்கள். வாளின் வளைவு ஒரே வட்டத்தின் துண்டாக இருந்தால் ஓரத்தை ஒட்டியபடியே வழுக்கிக்கொண்டு வரும். மேல்பாதி நேராகவும் கீழ்ப்பாதி அதிக வளைவாகவும் இருந்தால் பாதி வழியில் முட்டும். முட்டுகிற இடத்தில் ஓட்டையைக் கத்தரித்து அகலப்படுத்துங்கள். தடங்கல் இல்லாமல் போய்வரத் தொடங்கியதும் அந்த ஓட்டைதான் உறையின் உள்வடிவம். இதைச் செய்யாமல் வாளின் உருவத்தை அப்படியே மரத்தில் குடைந்தால் வாள் உள்ளே போகாது. துருக்கியரின் கிலிஜ் வாளில் நுனிப் பக்கம் அலகு அகன்றிருக்கும். அதனால்தான் அதன் உறையில், வாயிலிருந்து முதுகோரமாகக் கொஞ்ச தூரம் பிளந்து விட்டிருப்பார்கள்.

அளவுச் சீட்டில் எழுத வேண்டியவை: அலகின் நீளம், 10 செ.மீ.க்கு ஒருமுறை அகலம், அதே இடங்களில் முதுகின் தடிமன் (வெர்னியர் காலிப்பரால்). இன்னொன்றும் உண்டு. தல்வாரின் கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள குறுக்குக் கட்டையிலிருந்து அலகின் இருபுறமும் சின்ன நாக்கு ஒன்று இறங்கும். அவற்றின் நீளம், அகலம், அலகிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதையும் குறியுங்கள். உறையின் வாயில் அவற்றுக்குப் பள்ளம் விட வேண்டும். விடாவிட்டால் வாள் ஒரு விரல் அளவு வெளியே நின்றுகொண்டே இருக்கும்.

கேள்வி: தேக்குதான் நீடிக்கும் என்கிறார் எங்கள் ஆசாரி. சரியா? எவ்வளவு மரம் வேண்டும்?
— தஞ்சாவூர் வாசகர்

பதில்: கதவுக்குத் தேக்கு சரி. உறைக்குக் குமிழ் மரம் அதைவிட நல்லது. எடை குறைவு, உளி சிராய் எழுப்பாமல் ஓடும், உலர்ந்த பிறகு சுருங்குவதும் முறுக்குவதும் குறைவு, விலையும் இறங்கும். கிடைக்காவிட்டால் மஞ்சக்கடம்பு. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. தேக்குதான் என்று முடிவானால், ஒட்டும் முகத்தைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து உடனே ஒட்டச் சொல்லுங்கள். ஓக் மரம் வேண்டவே வேண்டாம், அதிலிருந்து வெளியேறும் அசிடிக் அமில ஆவி இரும்பைத் தின்னும். பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளின் பசையும் மூடிய இடத்தில் அதே வேலையைச் செய்யும்.

75 செ.மீ. அலகுள்ள வளைந்த வாளுக்கு 90 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 25 மி.மீ. கனமுள்ள ஒரே பலகை வாங்கி, கனத்தில் இரண்டாக அறுத்துப் புத்தகம் போல விரியுங்கள். இரண்டு பாதியும் ஒரே மரத்தின் அண்டை முகங்கள் என்பதால் ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் சேர்ந்தே அசையும். வெவ்வேறு மரத்துண்டுகளை ஒட்டினால் ஒன்று ஒரு பக்கம் இழுக்கும், மற்றது வேறு பக்கம். பச்சை மரம் கூடாது. பழைய கட்டிலிலோ அலமாரியிலோ இருந்து எடுத்த குமிழ்ப் பலகை கிடைத்தால் விடாதீர்கள், அதைவிட உலர்ந்த மரம் கடையில் கிடைக்காது.

முதுகு 6 மி.மீ. கனம் என்றால் ஒவ்வொரு பாதியிலும் முதுகுப் பக்கம் 3.5 மி.மீ. ஆழம். கூர்ப்பக்கம் போகப் போக ஆழம் குறைய வேண்டும், அலகே ஆப்பு வடிவம்தானே. வெளிச்சுவர் 3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. ஒட்டுவதற்கு இரு ஓரத்திலும் குறைந்தது 6 மி.மீ. மரம் விடுங்கள், கூர்ப்பக்கம் 8 இருந்தால் நல்லது. வாளின் நுனியைத் தாண்டி 5 மி.மீ. காலியிடம் இருக்கட்டும், நுனி மரத்தில் குத்தாது.

கேள்வி: உறை செய்தாகிவிட்டது. ஆனால் வாளைச் செருகினால் முக்கால்வாசியில் நிற்கிறது. எடுத்தால் அலகில் கோடு கோடாகக் கீறல். மழைக்காலத்தில் இன்னும் மோசம். என்ன தவறு?
— நாகர்கோவில் வாசகர்

பதில்: மூன்று காரணங்களில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒட்டும்போது பசை உள்ளே பிதுங்கி, காய்ந்து கல்லாகியிருக்கும். குடைவில் மேடு இருக்கும். அல்லது மணல்தாள் தேய்த்திருப்பார்கள், அதன் துகள்கள் மரத்தில் பதிந்து அலகைக் கீறுகின்றன. உறையின் உட்புறத்தில் மணல்தாளே படக் கூடாது. உளியும் சுரண்டும் தகடும் மட்டும்.

மேட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. விளக்கின் கரியை இரண்டு சொட்டு எண்ணெயில் குழைத்து, அலகின் இருபுறமும் நகத்தால் வழித்தெடுக்க முடியாத அளவு மெல்லியதாகத் தடவுங்கள். இரண்டு மரப் பாதிகளையும் சைக்கிள் டியூப் வளையங்களால் இறுக்கிக் கட்டி, வாளை ஒரே ஒருமுறை செருகி எடுங்கள். பிரித்தால் வெளிர் மரத்தில் மேடுள்ள இடங்களில் மட்டும் கறுப்புப் பொட்டு விழுந்திருக்கும். அந்தப் பொட்டை மட்டும் சீவுங்கள், சுற்றியுள்ள மரத்தைத் தொடாதீர்கள். துடைத்துவிட்டு மறுபடி கரி, மறுபடி செருகல். பத்துப் பன்னிரண்டு முறை ஆகும். அவசரப்பட்டு மொத்தமாகச் சீவினால் வாள் உள்ளே கடகடவென்று ஆடும், அதைத் திருத்துவது கடினம். கடைசியில் பொட்டு வாயருகே 3, 4 செ.மீ. தூரத்தில் மட்டும் விழ வேண்டும். வாளைப் பிடித்து நிறுத்துவது அந்தப் பகுதிதான், மற்ற இடமெல்லாம் அலகு மரத்தைத் தொடாமல் போக வேண்டும்.

பசைக்கு வச்சிரம் (விலங்குத் தோலிலும் எலும்பிலும் காய்ச்சி எடுக்கும் பசை) நல்லது. வெந்நீருக்குள் கிண்ணம் வைத்து உருக்குங்கள், 60 டிகிரி சூடு போதும், கொதித்தால் பலம் போய்விடும். ஃபெவிகால் வகை வெள்ளைப் பசையும் போடலாம். ஆனால் காயும்போது அதிலிருந்தும் அசிடிக் அமிலம் வெளியேறும் என்பதால் ஒரு மாதமாவது உறையை வாயைத் திறந்து காற்றாட வைத்துவிட்டு வாளைச் செருகுங்கள். எந்தப் பசையானாலும் குடைவின் விளிம்பிலிருந்து 2 மி.மீ. தள்ளித் தடவினால் உள்ளே பிதுங்காது.

உங்கள் உறை ஏற்கெனவே ஒட்டியது. மேலே போர்த்தவில்லை என்றால் ஒட்டுக் கோட்டில் மெல்லிய கத்தியை இறக்கிப் பிரிப்பதுதான் நேர்வழி. வச்சிரமாக இருந்தால் சூடான ஈரத்துணியைச் சுற்றி வைத்தால் தானே இளகும். ஜப்பானியர் உறையைச் சோற்றுப் பசையால் ஒட்டுவது இந்த வசதிக்காகத்தான். உள்ளே துருவோ அழுக்கோ சேர்ந்தால் மரம் உடையாமல் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம்.

கேள்வி: மேலே போர்த்த எந்தத் தோல் வாங்க வேண்டும்? எங்கே?
— திருச்சி வாசகர்

பதில்: உங்கள் ஊரிலேயே இருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு வட்டாரத்தின் பட்டை பதனிட்ட தோல் பழைய காலத்திலிருந்தே பேர் பெற்றது. அந்த நாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். சென்னையில் என்றால் பெரியமேடு. கேட்க வேண்டியது 1.2 மி.மீ. கனமுள்ள, பட்டை பதனிட்ட, சாயம் ஏறாத ஆட்டுத் தோல். உறையைச் சுற்ற 1 சதுர அடிக்குச் சற்று மேல்தான் செலவாகும். ஆனால் 85 செ.மீ. நீளத்துக்கு ஒட்டுப் போடாத ஒரே துண்டு வேண்டுமே, அதற்காக முழுத் தோலாக வாங்கி முதுகெலும்புக் கோட்டின் நீளத்தில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கம் இழுத்தால் இழுத்த இடத்துக்குப் போகும்.

குரோமிய உப்பில் பதனிட்ட குரோம் தோலைப் பட்டைத் தோல் என்று கொடுத்துவிடுவார்கள், கவனம். வெட்டு விளிம்பைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். முழுக்கப் பழுப்பாக இருந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கருத்தால் பட்டைத் தோல். நனைத்து இழுத்தால் மரத்தின் வடிவத்தைப் பிடித்துக்கொள்வது பட்டைத் தோல்தான். குரோம் காய்ந்ததும் பழையபடி நீண்டு தளர்ந்துவிடும்.

சுற்றளவைவிட 5 மி.மீ. குறைவாக வெட்டி, ஓரங்களைப் பாதிக் கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான நீரில் குமிழி நிற்கும்வரை ஊறவையுங்கள். உடம்போடு ஒட்டும் பக்கத்தின் நடுவில் தையல் வரும்படி, 5 மி.மீ. இடைவெளியில் குத்தூசியால் துளையிட்டு இரட்டை ஊசியில் தைக்க வேண்டும். மெழுகிட்ட நூல் தையலின் நீளத்தைப்போல நான்கு மடங்கு, சுமார் 3.5 மீட்டர். நிழலில் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். வெயிலில் வைத்தால் தையலோரம் வெடிக்கும். இந்த ஈர வேலை முடியும்வரை வாளை அந்த அறைக்கே கொண்டுவராதீர்கள்.

தோல் வேண்டாம் என்றால் பருத்தி வெல்வெட்டைப் பசையால் ஒட்டி, தையல் கோட்டின்மேல் சரிகை லேஸ் வைத்து மூடுங்கள். நம் நாட்டு உறைகளில் வெல்வெட் போர்த்தியவை ஏராளம். மலிவு என்பதற்காகத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை, பூஜையறை வெளிச்சத்தில் அதன் அழகே தனி.

பூணுக்கு 0.6 மி.மீ. பித்தளைத் தகடு போதும். தோலைத் தொடும் உள்முகத்தில் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். இல்லையென்றால் தோலின் எண்ணெயும் பித்தளையும் சேர்ந்து பச்சைக் களிம்பு கசியும். ஆணி 3 மி.மீ.க்கு மேல் நீளமாக இருந்தால் சுவரைத் துளைத்து அலகைக் கீறும்.

கேள்வி: சிலம்பப் பயிற்சி வாள்களுக்கு பி.வி.சி. குழாயைச் சூடாக்கி உறை செய்யலாமா?
— மதுரை வாசகர்

பதில்: மர வாள், அலுமினிய வாள் என்றால் தாராளமாக. குழாயின் உள்விட்டத்தை 1.57 ஆல் பெருக்கி, வேண்டிய உள்கனத்தைக் கழித்தால் தட்டையான பிறகு கிடைக்கும் அகலம் வரும். 28 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் 8 மி.மீ. கனத்துக்கு ஏறக்குறைய 36 மி.மீ. அகலம். ஹாட் ஏர் கன்னால் சீராகச் சூடாக்கி இரண்டு பலகைகளுக்கு நடுவே அழுத்துங்கள். நிறம் பழுப்பானால் சூடு அதிகம், வெளிவருவது அமிலப் புகை, மூச்சில் போகக் கூடாது. திறந்தவெளியில் செய்யுங்கள். எஃகு வாளை அதில் வைக்க வேண்டாம்.

கேள்வி: உறை தயாரானதும் வாளை அதிலேயே வைத்திருக்கலாமா?
— சென்னை வாசகர்

பதில்: கூடாது, அதுவும் கடற்கரை ஊரில். மரமும் தோலும் ஈரத்தை உறிஞ்சி அலகோடு ஒட்டவைக்கும். வாளைத் துடைத்து, மெஷின் ஆயில் மெல்லியதாகப் பூசி, உறைக்குப் பக்கத்தில் தனியாக வையுங்கள். விழாவன்று செருகினால் போதும். பழைய அலகை உப்புத்தாளாலோ பாலிஷ் சக்கரத்தாலோ தேய்க்கவே வேண்டாம். வூட்ஸ் எனப்படும் பழைய வகை உருக்கில் செய்த வாளாக இருந்தால் அதன் மேல்பரப்பில் ஓடும் நீரலை போன்ற வரிகள் அந்தத் தேய்ப்பில் மங்கிவிடும். துரு இருந்தால் எண்ணெய் ஊறவிட்டு மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள்.

செருகும்போதும் உருவும்போதும் முதுகுப் பக்கம் உறையில் பட்டபடி போகட்டும். உறையைப் பிடித்திருக்கும் கையின் விரல்கள் கூர்ப்பக்க ஒட்டுக் கோட்டின்மேல் வரக் கூடாது. ஒட்டு விட்டுப்போன பழைய உறையில் அலகு அந்த வழியாகத்தான் வெளியே வரும்.

கேள்வி: வெளியூர்க் கைவினைஞர் ஒருவர் குறைந்த விலைக்குச் செய்து தருகிறேன் என்கிறார். வாளைக் கூரியரில் அனுப்பலாமா?
— கோவை வாசகர்

பதில்: அனுப்பாதீர்கள். வாள் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்குள் வரும் பொருள், 2016ஆம் ஆண்டு விதிகளின் அட்டவணையில் பெயர் சொல்லியே இருக்கிறது. வழியில் பிடிபட்டால் வாளும் போகும், அலைச்சலும் மிஞ்சும். பஸ்ஸிலோ ரயிலிலோ நீங்களே கொண்டுபோவதாக இருந்தாலும் முதலில் உங்கள் காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். அதற்குப் பதில் ஒரு நகல் அலகு அனுப்புங்கள். 6 மி.மீ. பிளைவுட்டில் அலகின் உருவத்தை வெட்டி, நுனிப் பக்கம் மெலியும் இடங்களை அரத்தால் ராவி, காலிப்பர் அளவுகளை அந்தந்த இடத்திலேயே பேனாவால் எழுதுங்கள். குறுக்குக் கட்டையின் நாக்குகளையும் அட்டையில் வெட்டி ஒட்டுங்கள். உறையை ஒட்டாமல், போர்த்தாமல், இரண்டு பாதிகளாகவே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கரிப்பொட்டுச் சோதனையை உண்மையான வாளோடு வீட்டில் செய்து, ஒட்டுவதையும் போர்த்துவதையும் கோவையிலேயே முடித்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுக்கும்போதே இதைப் பேசிவிடுங்கள், ஒட்டிய பிறகு எந்தக் கைவினைஞரும் பிரிக்கச் சம்மதிக்க மாட்டார்.