கிளின்டன் ஆட்சியும் 2016-இன் விசாரணையும்

அன்புள்ள ஐயா,

2016-இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி தன் அதிபர் வேட்பாளரை மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்துத் தேர்ந்தெடுத்த பிரைமரி பற்றிய பழைய செய்திகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி ஹிலாரி போட்டியிடும்போது, பில் கிளின்டனின் எட்டாண்டு ஆட்சியைச் சொந்தக் கட்சிக்காரர்களே கிழித்துத் தொங்கவிடுகிறார்கள். வேலைவாய்ப்பு பெருகி, பட்ஜெட்டில் உபரி வந்த காலம் அல்லவா அது? 1994-இல் போட்ட குற்றச் சட்டத்தை 2016-இன் கண்ணால் பார்ப்பது நியாயமா?

முரளி, கோவை

அன்புள்ள முரளி,

உபரி உண்மை. 1998 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வந்தது. அதில் கணினித் துறையின் எழுச்சிக்கும் பங்குண்டு. 1993-இல் ஒரு குடியரசுக் கட்சி ஓட்டுகூட இல்லாமல் கிளின்டன் நிறைவேற்றிய வரி உயர்வுக்கும் பங்குண்டு. அந்தத் துணிச்சலுக்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் எதிர்ப்பு 2016-இல் முளைத்ததல்ல. 1996 ஆகஸ்டில், ஏழைக் குடும்பங்களுக்கான உதவியைக் கட்டுப்படுத்திய நலத்திட்டச் சட்டத்தில் கிளின்டன் கையெழுத்திட்டபோது, அவருடைய அரசிலேயே உயர்பதவியில் இருந்த பீட்டர் எடல்மன் அதைக் கண்டித்து வேலையை உதறினார்.

என்னை உறுத்துவது வேறு. எந்தச் சட்டத்தைக் கூண்டில் ஏற்றுவது என்பதைத் தேர்தல் அட்டவணையே முடிவு செய்தது. ஆலைகள் மூடிக் கிடக்கும் மிச்சிகனில் மார்ச் மாதம் வாக்குப்பதிவு என்றால், பேச்சு, வேலைகளை மெக்சிகோவுக்கு அனுப்பியதாகக் குற்றம் சாட்டப்படும் நாஃப்டா வணிக ஒப்பந்தத்தைப் பற்றி. அதைப் பேசி முடித்துக் கையெழுத்திட்டவர் கிளின்டனுக்கு முன் அதிபராக இருந்த மூத்த புஷ். நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக் கொடுத்தவர்தான் கிளின்டன். மேடையில் இதற்கெல்லாம் நேரம் ஏது?

ஏப்ரலில் பென்சில்வேனியா. பிலடெல்ஃபியா கூட்டத்தில் 1994 குற்றச் சட்டம் சிறைகளை நிரப்பிவிட்டது என்று குரல் எழுப்பியவர்களோடு கிளின்டன் மல்லுக்கு நின்றார். மறுநாள் இறங்கி வந்தார். முந்தைய ஆண்டு ஜூலையில், அதே ஊரில்தான், அந்தச் சட்டம் நிலைமையை மோசமாக்கியதாக அவரே ஒப்புக்கொண்டிருந்தார்! அமெரிக்கச் சிறைகள் நிரம்பத் தொடங்கியது 1970-களில். கைதிகளில் மிகப் பெரும்பாலோர், மத்தியச் சட்டம் நேரடியாக எட்டாத மாநிலச் சிறைகளில் இருப்பவர்கள். வன்குற்றவாளிகள் தண்டனையில் 85 விழுக்காட்டையாவது அனுபவித்தே தீர வேண்டும் என்று விதித்த மாநிலங்களுக்குச் சிறை கட்டப் பணம் கொடுத்தது இந்தச் சட்டம். எரிகிற அடுப்பில் விறகு வைத்தது, பற்றவைத்தது அல்ல. நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் பலரும் ஆதரித்தார்கள். ஹிலாரியை எதிர்த்து நின்ற சாண்டர்ஸும் அன்று ஆதரித்தே வாக்களித்தார்; பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான பிரிவுகள் அதில் இருந்ததைக் காரணமாகச் சொன்னார்.

நலத்திட்டச் சட்டத்தில் இப்படிச் சமாதானம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1935 முதல், தகுதியுள்ள ஏழைக் குடும்பம் எதுவாயினும் குழந்தைகளுக்கான உதவித்தொகையை உரிமையாகக் கேட்க முடிந்தது. கிளின்டன் அதை ஒழித்து, மாநிலங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 1650 கோடி டாலர் என்று ஒரே தொகையாகக் கொடுத்து, ஒரு குடும்பத்துக்கு ஐந்தாண்டு வரம்பும் வைத்தார். முந்தைய இரு மசோதாக்களைத் திருப்பி அனுப்பியவர், தேர்தல் ஆண்டில் மூன்றாவதற்குப் பணிந்தார். தொடக்கத்தில் தனித்து வாழும் தாய்மார் பலருக்கு வேலை கிடைத்தது என்பதை ஆதரவாளர்கள் சொல்வார்கள். சரிதான், அப்போது வேலை இருந்தது. ஆனால் 1996-இல் குழந்தைகளுள்ள நூறு ஏழைக் குடும்பங்களில் 68-க்கு அந்த உதவி எட்டியது, 2014-இல் 23-க்குத்தான்.

சாண்டர்ஸ் இதை எதிர்த்து வாக்களித்தவர். தென் கரோலினாவில் அதை எடுத்துப் பேசவும் செய்தார். பேச்சு பற்றிக்கொள்ளவில்லை. அந்தத் தாய்மார்கள் முடிவைத் தீர்மானிக்கும் மாநிலம் என்று அட்டவணையில் எதுவும் இல்லை. மாநிலங்களுக்கான தொகையும் அந்த இருபது ஆண்டுகளில் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்படவில்லை.