இ2எஃப்எஸ்செக் ‘கிளீன்’ என்கிறது, ரீசைஸ்2எஃப்எஸ் மட்டும் மறுக்கிறது. எக்ஸ்டி4 பார்ட்டிஷனை எப்படிச் சுருக்குவது?

உங்கள் கேள்வி இது: லினக்ஸில் 100 ஜிபி ஹோம் பார்ட்டிஷனை 80 ஆகக் குறைக்க வேண்டும். எக்ஸ்டி4 ஃபைல்சிஸ்டத்தின் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் அமைப்பு) அளவை மாற்றும் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் “முதலில் இ2எஃப்எஸ்செக் -எஃப் ஓட்டுங்கள்” என்கிறது. பிழை இருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் செக்கை ஓட்டினால் “கிளீன்” என்று ஒரு நொடியில் முடிந்துவிடுகிறது. திரும்பப் போனால் மறுபடி அதே வரி. டிஸ்க் போய்விட்டதா?

இந்த வரியை மட்டும் வைத்துப் பார்த்தால், பயப்பட எதுவும் இல்லை. ஃபைல்சிஸ்டத்தின் சூப்பர்பிளாக்கில் (அதன் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) இரண்டு நேரங்கள் பதிவாகியிருக்கும்: கடைசியாக மவுண்ட் ஆனது (பயன்படுத்த இணைக்கப்பட்டது), கடைசியாகச் சோதிக்கப்பட்டது. டியூன்2எஃப்எஸ் -எல் கொடுத்துப் பாருங்கள், இரண்டும் தெரியும். சோதித்த நேரம் மவுண்ட் ஆன நேரத்துக்கு முந்தியதாக இருந்தால் ரீசைஸ்2எஃப்எஸ் நகராது. நீங்கள் -எஃப் போடாமல் ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஓட்டினால் அது ‘கிளீன்’ என்ற குறியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், உள்ளே எதையும் சோதிக்காது. சோதித்த நேரமும் மாறாது. -எஃப் போட்டால்தான் பாஸ் 1 முதல் பாஸ் 5 வரை முழுசாக ஓடும், நேரமும் புதுசாகப் பதிவாகும். இந்தக் காரணத்தை அந்த வரியிலேயே சேர்த்து எழுதியிருந்தால் எத்தனையோ பேருக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

-எஃப் போட்டும் அதே வரி வருகிறதா? நடுவில் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கும். லைவ் யுஎஸ்பியில் (யுஎஸ்பியிலிருந்தே நேரடியாக ஓடும் லினக்ஸ்) ஃபைல் மேனேஜரில் அந்த டிஸ்க்கை ஒரு தடவை கிளிக் செய்தாலே போதும். அதை அன்மவுண்ட் செய்துவிட்டு, செக் முடிந்த கையோடு ரீசைஸ் ஓட்டுங்கள். கணினியின் கடிகாரம் பின்னோக்கி இருந்தாலும் இந்த ஒப்பீடு தப்பலாம், அதனால் டேட் கமாண்டையும் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். இந்த வரியைத் தாண்ட ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கே -எஃப் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அது உங்கள் ஃபைல்களுக்கான பாதுகாப்பையே கழற்றிவிடும்.

“ஆன்லைன் ஷ்ரிங்கிங் நாட் சப்போர்ட்டட்” என்று வந்தால் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். எக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும், ஆனால் சுருங்காது. சிஸ்டமே இருக்கும் ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பியில் பூட் செய்வதைத் தவிர வழியில்லை.

உண்மையிலேயே கவனம் வேண்டிய செய்தி வேறு ஒன்று. சூப்பர்பிளாக்கின்படி ஃபைல்சிஸ்டம் 2,62,14,400 பிளாக் (இங்கே ஒரு பிளாக் 4 கிலோபைட்), டிவைஸின் அளவு 1,95,31,250 பிளாக், சூப்பர்பிளாக்கோ பார்ட்டிஷன் டேபிளோ கெட்டுப்போயிருக்கலாம் என்று சொல்லி, இ2எஃப்எஸ்செக் “அபார்ட்?” (நிறுத்தவா?) என்று கேட்கும். இங்கே ‘ஒய்’ என்றால் நிறுத்து, ‘என்’ என்றால் தொடர். அவசரத்தில் பலர் மாற்றிப் புரிந்துகொண்டு ‘என்’ தட்டிவிடுகிறார்கள். ‘ஒய்’ கொடுத்து வெளியே வாருங்கள். பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. ஃபைல்சிஸ்டத்தைச் சுருக்குவதற்கு முன்பே பார்ட்டிஷனைச் சுருக்கியிருப்பீர்கள். பெட்டி சின்னதாகிவிட்டது, உள்ளே இருப்பது இன்னும் பழைய அளவிலேயே இருக்கிறது. பார்ட்டிஷனை அதே தொடக்க செக்டாரில், பழைய அளவுக்கே திருப்பி அமையுங்கள். வெட்டுப்பட்ட பகுதியில் வேறு எதுவும் எழுதப்படாத வரை எல்லாம் அப்படியே இருக்கும்.

வரிசை சரியாக இருந்தும் இதே செய்தி வரலாம், அதற்குக் காரணம் அலகு. ரீசைஸ்2எஃப்எஸ்ஸில் 80ஜி என்றால் 1024-இன் மடங்கில் கணக்கு, அதாவது 4கே பிளாக்கில் 2,09,71,520. பார்ட்டிஷனை மாற்றும் பார்ட்டட்டில் 80ஜிபி என்றால் 1000-இன் மடங்கு, 1,95,31,250 பிளாக்தான். ஏறக்குறைய 5.9 ஜிபி இடிக்கிறது, ஃபைல்சிஸ்டத்தின் வால் பார்ட்டிஷனுக்கு வெளியே போய்விடும். பார்ட்டட்டில் ‘ஜிஐபி’ (1024-இன் மடங்கு) என்று கொடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும்.

நான் எப்போதும் செய்வது இதுதான். பேக்கப் எடுத்த பிறகு ஃபைல்சிஸ்டத்தை வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே, 75ஜி வரை சுருக்குவேன். அப்புறம் பார்ட்டிஷனை 80 ஜிஐபி ஆக்குவேன். கடைசியாக அளவே கொடுக்காமல் ரீசைஸ்2எஃப்எஸ் ஓட்டினால் பார்ட்டிஷனின் விளிம்பு வரை அதுவே வளர்ந்துகொள்ளும். கணக்குப் போட்டுத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சுருக்கும்போது பிளாக்குகள் இடம் மாறுகின்றன, நடுவில் கரண்ட் போனால் ஆபத்து. லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே வையுங்கள், டெஸ்க்டாப் என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடங்காதீர்கள்.

“நியூ சைஸ் ஸ்மாலர் தேன் மினிமம்” வந்தால் முதலில் ‘ஜி’ போட்டீர்களா என்று பாருங்கள். வெறும் 80 என்றால் 80 பிளாக், அதாவது 320 கிலோபைட். ‘ஜி’ இருந்தும் வந்தால் ரீசைஸ்2எஃப்எஸ்ஸுக்கு -பி (பெரிய எழுத்து) கொடுத்துக் குறைந்தபட்ச அளவைக் கேளுங்கள். அது சொல்லும் எண்ணும் பிளாக் கணக்குதான்: 1,25,82,912 என்றால் 48 ஜிஐபி. ஃபைல்கள் பிடித்திருக்கும் இடத்தைவிட இது கூடுதலாகத்தான் இருக்கும், ஐநோட் டேபிள் (ஃபைல்களின் விவரப் பட்டியல்), ஜர்னல் (மாற்றங்களின் பதிவேடு) எல்லாவற்றுக்கும் இடம் வேண்டுமே.

“பேட் மேஜிக் நம்பர்” என்று வந்தால் பார்ட்டிஷன் எண்ணை விட்டுவிட்டு முழு டிஸ்க்கின் பெயரைக் கொடுத்திருக்கலாம், அல்லது அது எக்ஸ்டி4-ஆகவே இல்லாமல் இருக்கலாம். எல்எஸ்பிஎல்கே -எஃப் கொடுத்தால் தெரிந்துவிடும். அங்கே எக்ஸ்எஃப்எஸ் (வேறு வகை ஃபைல்சிஸ்டம்) என்று இருந்தால் இந்த வழி எதுவும் உதவாது. டேட்டாவை வேறு இடத்துக்கு எடுத்துவிட்டு, சின்ன பார்ட்டிஷனைப் புதிதாக ஃபார்மட் செய்து திரும்ப நகல் எடுக்க வேண்டியதுதான்.