கனடால செப்டம்பர் வந்ததும் பசங்க சாயங்காலமெல்லாம் அழறாங்க, சண்டை போடறாங்க. உங்க வீட்டுல எப்படி சமாளிக்கிறீங்க?

ஜூன்ல டொரண்டோ வந்து இறங்கினோம், 7 வயசுலயும் 4 வயசுலயும் ரெண்டு பையன், லீவு பூரா சந்தோஷமா இருந்தவங்க ஸ்கூல் திறந்து ரெண்டே வாரத்துல இப்படி ஆயிட்டாங்க, பெரியவனை 4 மணி ஆன்லைன் மேத்ஸ் கிளாஸ்ல உக்கார வைக்கவே முடியலன்னு எழுதியிருந்தீங்க. படிச்சதும் மனசு கேக்கல, சமையலை அப்படியே வச்சிட்டு டைப் பண்றேன். எனக்கும் ரெண்டும் பசங்கதான், 8, 5. டொரண்டோவுலயே ஸ்கார்பரோ பக்கம் இருக்கோம், சொந்த ஊர் கும்பகோணம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க பசங்களுக்கு ஒண்ணும் ஆகல, நீங்களும் எந்தத் தப்பும் பண்ணல. என் பெரியவன் ஜூனியர் கிண்டர்கார்டன் (நம்ம ஊர் எல்.கே.ஜி மாதிரி) சேர்ந்த வருஷம் ஸ்கூல் வாசல்ல என்னைப் பாத்ததும் சிரிச்சுக்கிட்டே ஓடி வருவான், கார்ல ஏறி பெல்ட் போட்டதும் ஷூவைக் கழட்டி எறிஞ்சு அழ ஆரம்பிச்சா வீடு வர்ற வரைக்கும் நிக்காது. நான் யாராவது அடிச்சாங்களா, டீச்சர் திட்டினாங்களான்னு துருவித் துருவி கேட்டு அவனை இன்னும் அழ வச்சேன். அப்புறம் அவன் டீச்சர்தான் சொன்னாங்க, நாள் பூரா புது இடத்துல புது பாஷையில அடக்கிக்கிட்டு இருக்கான், அம்மாவைப் பாத்ததும்தான் விட்டுடறான், அதனால கேள்வி கேக்காதீங்க, சாப்பிட குடுங்கன்னு. இங்க மதியம் சாப்பிடவே 20 நிமிஷம்தான், அதுல டப்பா திறக்கவே பாதி நேரம் போயிடும் 4 வயசுப் பிள்ளைக்கு. அன்னைலேர்ந்து கார்ல ஒரு டப்பா கண்டிப்பா இருக்கும். பொடி தடவின குட்டி இட்லி, வாழைப்பழம், சில நாள் சப்பாத்தில சர்க்கரை உருட்டி. அவன் வாயைத் திறந்து ஏதாவது சொல்ற வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு வாரத்துல பாதி அழுகை குறைஞ்சது.

மீதி பாதி வெளிச்சத்துல இருக்கு. இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன்.

நம்ம ஊர்ல இந்தக் கணக்கே கிடையாது. கும்பகோணத்துல வருஷம் பூரா பாத்தாலும் அஞ்சே முக்கால்லேர்ந்து ஆறே முக்காலுக்குள்ள சூரியன் இறங்கிடும், அவ்வளவுதான். இங்க நீங்க வந்து இறங்கின ஜூன்ல ராத்திரி 9 மணிக்கு மேலயும் வெளிச்சம் இருந்திருக்கும், பசங்க பார்க்லேர்ந்து வரவே மாட்டாங்க. ஸ்கூல் திறக்கிற வாரம் (லேபர் டே, அதாவது செப்டம்பர் முதல் திங்கக்கிழமைக்கு மறுநாள் செவ்வாக்கிழமை) ஏழே முக்காலுக்கே சூரியன் போயிடும். செப்டம்பர் கடைசியில ஏழு மணி. ஹாலோவீன் அன்னைக்கு (அக்டோபர் 31, பசங்க வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடா மிட்டாய் வாங்கப் போற நாள்) ஆறு தாண்டினதும் போச்சு. நவம்பர் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளி வைப்பாங்க, அன்னைலேர்ந்து அஞ்சு மணிக்கு இருட்டு. இந்த செப்டம்பர்ல ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 3 நிமிஷ வெளிச்சம் போயிக்கிட்டே இருக்கு, ஒரு வாரத்துக்கு 20 நிமிஷம். ஜூலை ஆகஸ்ட்ல தினமும் நாலஞ்சு மணி நேரம் வெளிய ஓடின உடம்பு ஆறு மணி நேரம் கிளாஸ்ரூம்ல உக்காந்துட்டு வந்து மறுபடி வீட்டுக்குள்ள லேப்டாப் முன்னாடி உக்காந்தா அது சண்டையாதான் வெளிய வரும்.

எங்க பக்கத்து வீட்டுல யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தங்க இருக்காங்க, இங்க வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, நாலு பிள்ளை வளத்தவங்க. அந்த முதல் செப்டம்பர்ல நான் வாசல்ல நின்னு கண் கலங்கிட்டு இருந்தப்ப பாத்துட்டு வந்து சொன்னாங்க, "வெளிச்சம் இருக்கேக்க பிள்ளையளை வெளியில விடு பிள்ளை. வீட்டு வேலை எங்கயும் ஓடாது, வெயில்தான் ஓடப்போகுது." அன்னைலேர்ந்து எங்க வீட்டுல செப்டம்பர் அக்டோபர்ல 5.30 வரைக்கும் யாரும் வீட்டுக்குள்ள வர்றதில்ல. ஸ்கூல் 3.20க்கு விட்டா அங்கேயே ஸ்கூல் கிரவுண்ட், இல்ல பக்கத்து பார்க். மழைன்னா ரெயின் பூட்ஸ் போட்டுக்கிட்டு அதே பார்க். அப்புறம் குளியல், சாப்பாடு, புஸ்தகம், எட்டு மணிக்குத் தூக்கம். வீட்டுக்காரருக்கு முதல்ல ஒத்து வரல, ஹோம்வொர்க்கை முடிச்சிட்டு விளையாடட்டும், அதுதான ஒழுங்குன்னார், நம்ம எல்லாரும் அப்படித்தான வளந்தோம். ஒரு வாரம் அவரையே பிக்கப் பண்ணச் சொன்னேன், அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சே எடுக்கல.

அதனால அந்த 4 மணி மேத்ஸ் கிளாஸை தயவு செஞ்சு மாத்துங்க. ஆறரைக்கு ஸ்லாட் இருந்தா போடுங்க, இல்லன்னா நவம்பர் வரைக்கும் நிறுத்தி வைங்க. நவம்பர்ல அஞ்சு மணிக்கே இருட்டினதுக்கப்புறம் உக்காந்து கணக்குப் போட குளிர்காலம் பூரா இருக்கு. 7 வயசுப் பையன் ரெண்டு மாசம் எக்ஸ்ட்ரா கணக்கு படிக்கலன்னா எதுவும் ஆகிடாது, இதை நான் உறுதியா சொல்றேன்.

வெளிய என்ன பண்றதுன்னு கேப்பீங்க. ஒண்ணும் பிளான் பண்ண வேணாம், இந்த மாசம் தானா குடுக்கும். போன வாரம் எங்க சின்னவன் ஸ்கூல்ல டெர்ரி ஃபாக்ஸ் ரன், 2 டாலர் காயின் கொண்டு போனான். 1980ல கேன்சருக்காக நிதி திரட்ட செயற்கைக் காலோட 143 நாள், 5373 கிலோமீட்டர் ஓடினவர், இங்க எல்லாக் குழந்தைக்கும் அவரைத் தெரியும். சாயங்காலம் பார்க்குக்குப் போற வழி பூரா இவன் ஒரு கால்ல ரெண்டு தடவ குதிச்சு, இன்னொரு காலைத் தூக்கி வச்சு, அவர் வீடியோல ஓடற மாதிரியே ஓடினான். பெரியவன் சிரிக்கல, கூடவே அதே மாதிரி ஓடினான். நான் பின்னாடி ரெண்டு பேக்கையும் தூக்கிக்கிட்டு நடந்தேன், தொண்டை அடைச்சிடுச்சு எனக்கு.

அப்புறம் ஓக் மரத்துக் கொட்டை. பசங்க பாக்கெட்ல என்ன இருக்குன்னு பாக்காம வாஷிங் மெஷின்ல போட்டுடாதீங்க, தொப்பி போட்ட கொட்டை பத்து இருபதாவது இருக்கும். போன வருஷம் நவராத்திரிக்கு கொலுப் படி பக்கத்துல பார்க் வைக்கறோம்னு ரெண்டு பேரும் பிஸ்கட் டின் நிறைய பொறுக்கிட்டு வந்தாங்க, கூட செவப்பு மேப்பிள் இலை. மூணாம் நாள் காலையில டின்னைத் திறந்தா கொட்டைங்கள்ல ஊசியால குத்தின மாதிரி வட்டமா ஓட்டை, அடியில வெள்ளை வெள்ளையா குண்டுப் புழு நெளியுது. நான் கத்திட்டேன். பெரியவன்தான் லைப்ரரி புக்ல தேடிக் கண்டுபிடிச்சான், ஒரு வண்டு கொட்டை மரத்துல பிஞ்சா இருக்கும்போதே துளை போட்டு முட்டை வச்சிடுமாம், புழு உள்ளயே தின்னு வளந்து கொட்டை கீழ விழுந்ததும் ஓட்டை போட்டு வெளிய வந்து மண்ணுக்குள்ள போயிடுமாம், மண்ணுக்குள்ள ஒண்ணு ரெண்டு வருஷம் கூட இருந்துட்டு வண்டா வருமாம். சின்னவன் அப்ப இதுக்கு மண் வேணும்னு அழ ஆரம்பிச்சிட்டான். சுண்டலுக்குப் போட்ட கடலையை குக்கர்லயே விட்டுட்டு மூணு பேரும் டின்னைத் தூக்கிக்கிட்டு பார்க்குக்குப் போனோம். அந்த ஓக் மரத்தடியில இலையை விலக்கி ஒவ்வொண்ணா விட்டான், எண்ணிக்கிட்டே, பதினோரு புழு. அதுங்க தலையை உள்ள குத்தி அப்படியே மண்ணுக்குள்ள இறங்கினதை நானும் குத்த வச்சுப் பாத்தேன். இன்னைக்கும் அந்த மரத்தைத் தாண்டும்போது குனிஞ்சு பாத்துட்டுதான் வருவான்.

இலைக் குவியல்ல குதிக்கட்டும், ஆனா வீட்டுக்கு வந்ததும் காதுக்குப் பின்னாடி, முட்டிக்குப் பின்னாடி, இடுப்புப் பட்டி கிட்ட உண்ணி ஏதாவது ஒட்டியிருக்கான்னு பாருங்க. ரூஜ் பள்ளத்தாக்குக் காட்டுப் பக்கம் போனா கண்டிப்பா. அக்டோபர்ல குளிர் வந்துடுச்சே இனிமே இருக்காதுன்னு நினைக்காதீங்க, அப்பவும் இருக்கும்.

துணி விஷயத்துல முதல் வருஷம் ரொம்பத் திண்டாடினேன், உங்களுக்கு அது வேணாம். காலையில 8 டிகிரி, மதியம் 22. டி ஷர்ட், மேல மெல்லிசா ஒரு ஸ்வெட்டர், அதுக்கு மேல ஜாக்கெட், எல்லாத்துலயும் பேர் எழுதி. பேர் எழுதாம அனுப்பின புது ஜாக்கெட் ரெண்டே நாள்ல காணாமப் போச்சு எங்களுக்கு. ஸ்னோ பேண்ட், பூட்ஸ் எல்லாம் இப்பவே வாங்கிடுங்க, பனி விழற வாரம் போனா 4 வயசு சைஸ் கிடைக்கவே கிடைக்காது, செகண்ட் ஹேண்ட் கடையில பாதி விலைக்கும் கம்மியா நல்லதா கிடைக்கும். ஹாலோவீன் காஸ்ட்யூம் ஒரு சைஸ் பெருசா எடுங்க, உள்ள ஜாக்கெட் போட்டாதான் வெளிய போக முடியும்.

உங்க சின்னவனுக்கு இப்பவே ஜாக்கெட் போடச் சொல்லிக் குடுங்க. கிளாஸ்ல இருபது பிள்ளைக்கு மேல, டீச்சரால எல்லாருக்கும் மாட்டிவிட முடியாது, மத்தவங்க எல்லாம் விளையாடப் போயிட்டு நம்ம பிள்ளை மட்டும் நின்னா அவனுக்கு எவ்வளவு கஷ்டம். ஜாக்கெட்டைத் தரையில விரிச்சு, தொப்பி இருக்கிற பக்கம் அவன் கால்கிட்ட வர்ற மாதிரி வச்சு, குனிஞ்சு ரெண்டு கையையும் உள்ள விட்டு அப்படியே தலைக்கு மேல தூக்கிப் போட்டா தானா மாட்டிக்கும். ஜிப் தான் லேட்டாகும். எங்க சின்னவன் தினமும் ராத்திரி சோபாவுல உக்காந்து நாக்கைத் துருத்திக்கிட்டு அந்தக் குட்டிப் பின்னை ஓட்டைக்குள்ள இறக்கப் பாப்பான், வராது, மறுபடி பாப்பான். நான் கையை மடியிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், தொடவே இல்ல. ஒம்பதாவது நாளோ பத்தாவது நாளோ சர்ர்னு கழுத்து வரைக்கும் ஏறிச்சு. அந்த ஜாக்கெட்டோடயே தூங்கறேன்னு அடம், விட்டுட்டேன்.

இன்னொண்ணு, நவம்பர்ல கடிகாரம் மாறின வாரம் பசங்க விடியக்காலை அஞ்சு மணிக்கே எழுந்துப்பாங்க, ஒரு வாரம் பத்து நாள் இருக்கும், தானா சரியாயிடும்.

நீங்க ஸ்கார்பரோ பக்கம்னா மார்னிங்சைட் பார்க் கூட்டிட்டுப் போங்க. அங்க ஓடற ஹைலேண்ட் கிரீக் ஓடையில செப்டம்பர் கடைசியிலேர்ந்து அக்டோபர் நடு வரைக்கும் பெரிய பெரிய சால்மன் மீன் ஒண்டாரியோ ஏரியிலேர்ந்து எதிர்நீச்சல் போட்டு மேல வரும், முட்டை போடறதுக்கு. இந்த ஏரியில முன்னாடி இருந்த சால்மன் இனம் 1800கள் முடியறதுக்குள்ள அழிஞ்சே போச்சு, இப்ப நாம பாக்கற சினூக்ங்கற சால்மன் வகை 1960கள் கடைசியிலேர்ந்து பசிபிக் பக்கத்துலேர்ந்து கொண்டு வந்து விட்ட வம்சம். சின்னவன் இடுப்பு உசரத்துக்கு நீளம் இருக்கும் ஒவ்வொண்ணும், பாதி முதுகு தண்ணிக்கு வெளிய தெரியும், கல்லுல உரசி வாலெல்லாம் வெளுத்துப் போயிருக்கும். முட்டை போட்டதும் செத்துடும், கரையில கிடக்கும், நாத்தமும் அடிக்கும், அதை முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டுப் போங்க. எங்க பெரியவன் செத்த மீன் பக்கத்துல ரொம்ப நேரம் நின்னான், ஒண்ணும் கேக்கல, வர்ற வழியில என் கையைப் பிடிச்சுக்கிட்டான், அவன் கை பிடிக்கிறதை விட்டு ஒரு வருஷமாச்சு.

மழை பெஞ்ச மறுநாள்தான் நிறைய ஏறும். இந்த வாரம் மழைன்னு போட்டிருக்கு, ஞாயித்துக்கிழமை காலையில போயிடுங்க, ரெயின் பூட்ஸும் மாத்து சாக்ஸும் எடுத்துக்கோங்க.