சிங்கப்பூரில் அகழாய்வுக் களப்பணியாளருக்கு என்ன வேலை? வரலாறு படிக்காதவர் சேரலாமா?

சேரலாம். நானே கணக்குப் பிரிவில் டிப்ளோமா முடித்தவன், வார இறுதியில் தொண்டூழியராகப் போய், அப்புறம் திட்டத்துக்குத் திட்டம் ஒப்பந்தத்தில் வேலை பார்க்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்டவர் "தோண்டுவதுதானே வேலை?" என்றும் எழுதியிருக்கிறார். தோண்டுவது நாளில் பாதிகூட வராது. மிச்ச நேரமெல்லாம் அளப்பது, எழுதுவது, கழுவுவது, குழியில் ஊறிய தண்ணீரை வெளியேற்றுவது.

கையில் இருப்பது கொத்தனார் கரண்டி மாதிரிதான், ஆனால் சின்னது, ஓரத்தை அரத்தால் தீட்டி வைத்திருப்போம். அதால் குத்தக்கூடாது. தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல் உங்கள் பக்கமாக இழுத்து, சுத்தம் செய்த இடத்தை மிதிக்காமல் பின்னாலேயே நகர வேண்டும். கொஞ்ச நாளில் கைக்கே தெரிந்துவிடும்: மணல் என்றால் சரசரக்கும், களிமண் சத்தமில்லாமல் சுருண்டு வரும். நிறம் மாறுகிறதோ என்று சந்தேகமாக இருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம், அதுவரை மங்கலாக இருந்த கறுப்பு வட்டம் ஒன்று பளிச்சென்று தெரியும். அது எப்போதோ நட்ட மரக்கம்பம் மக்கிப்போன இடமாக இருக்கலாம், ஐம்பது வருடத்துக்கு முன் யாரோ குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளமாகவும் இருக்கலாம். பள்ளம் என்றால் அதற்குள் 14-ஆம் நூற்றாண்டுப் பானை ஓடு கிடைத்தாலும் காலம் சொல்ல உதவாது, மண் ஏற்கெனவே கலங்கிவிட்டது. இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிவதுதான் இந்த வேலையின் முக்கால்வாசித் திறமை, பொருளைக் கண்டுபிடிப்பது சல்லடை போட்டால் யாருக்கும் வரும்.

இங்கே பொறுமையாகத் தோண்ட இடம் கிடைப்பது அபூர்வம். பழைய கட்டடம் இடிந்து புதியது எழும்புவதற்கு நடுவில் கிடைக்கும் சில வாரங்கள்தான், பக்கத்திலேயே அஸ்திவாரத் தூண் இறக்கும் பைலிங் சத்தம் காதைப் பிளக்கும். முறையான அகழாய்வே 1984-இல்தான் ஃபோர்ட் கேனிங் குன்றில் தொடங்கியது, தொல்லியலாளர் ஜான் மிக்சிக் நடத்தினார். அதற்கு முன் 1928-இல் அதே குன்றில் நீர்த்தேக்கம் கட்டத் தோண்டியவர்கள் கையில் தங்க நகைகள் தற்செயலாகக் கிடைத்தன. கிடைத்ததுபோல் தொலைந்ததும் உண்டு: சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் எழுத்துப் பொறித்த பெரிய பாறை இருந்தது, 1843-இல் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். மிஞ்சிய துண்டு தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. (அதில் சோழர் பட்டப்பெயர் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது ஒரு ஆய்வாளரின் கருத்து, எழுத்தை இன்னும் யாரும் முழுசாகப் படித்து முடிக்கவில்லை.)

சரி, என்ன கிடைக்கும்? பெரும்பாலும் ஓடுகள்தான். 2015-இல் அதே ஆற்றங்கரையிலுள்ள எம்பிரஸ் பிளேஸ் அகழாய்வில் மட்டும் டன் கணக்கில் பொருள்கள் கிடைத்தன. பச்சை மெருகு பூசிய சீனக் கலம், தடித்த ஜாடித் துண்டு, மெருகு இல்லாத மண்பானை, மேல் அடுக்கில் பிரிட்டிஷ் காலத்துத் தட்டும் சோடா பாட்டிலும். எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவ வேண்டும். சீனப் பீங்கானைத் தைரியமாகத் தேய்க்கலாம், குறைந்த சூட்டில் வெந்த மண்பானையை அப்படித் தேய்த்தால் மேலே இருக்கிற கோலமும் சேர்ந்து போய்விடும்.

என் பெரிய தவறு கழுவும்போது நடந்ததுதான். கிடைத்ததைப் போட்டு வைக்கும் ஒவ்வொரு பைக்குள்ளும் எந்தக் குழி, எந்த ஆழம், எந்தத் தேதி என்று எழுதிய சீட்டு இருக்கும். நான் அவசரத்தில் சாதாரண பேனாவால் எழுதிவிட்டேன். மத்தியான மழை, தார்ப்பாய் பறந்தது, சீட்டு நனைந்து இரண்டு பைகளில் நீலக் கறைதான் மிச்சம். மேற்பார்வை பார்த்த அக்கா திட்டவே இல்லை. "இடம் தெரியாதவை" என்று எழுதிய பெட்டியில் இரண்டையும் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான்கு நாள் வேலை அந்தப் பெட்டிக்குள் போனது. அன்றிலிருந்து பென்சில்தான், ஈரத்துக்கு அழியாது.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முட்டி போயே தீரும், முட்டிக்கு உறை வாங்கிக்கொள்ளுங்கள். மின்னல் எச்சரிக்கை வந்தால் குழியைவிட்டு ஏற வேண்டும், பிறகு இறங்கும்போது பாதிக் குழி குளமாக இருக்கும். முழுநேர வேலை மிகக் குறைவு, இதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள். பட்டம் இருந்தால் அறிக்கை எழுதும் நிலைக்குப் போகலாம், களத்தில் முதல் வருடம் யாரும் சான்றிதழைக் கேட்டதில்லை.

ஒரு தளத்தில் எக்ஸ்கவேட்டர் ஓட்டிய அண்ணன் பட்டுக்கோட்டைக்காரர். மேல் மண்ணை விரல்கடை அளவுக்குச் சீவி எடுப்பார், அப்படி ஒரு கை. தினமும் சாயங்காலம் "தங்கம் கெடச்சுதா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஒருநாள் தட்டிலிருந்த மண்பானைத் துண்டைக் கையில் எடுத்து, "இது பலகையால தட்டுனது. எங்க ஊருக் குயவர் உள்ள கல்லை வெச்சுக்கிட்டு வெளிய தட்டுவாரு, உள்பக்கம் பாரு, பள்ளம் இருக்கும்" என்றார்.

திருப்பிப் பார்த்தேன். இருந்தது. சீட்டில் பென்சிலால் அதையும் எழுதினேன்.