ரோமானியப் படைகள்தான் ஐரோப்பா முழுக்க ஒயின் தயாரிப்பைப் பரப்பினவா?

பாதிதான் சரி. பல இடங்களில் வியாபாரி முதலில் போனான், படை பின்னால் வந்தது.

கல்லியாவை, அதாவது இன்றைய பிரான்ஸை, எடுத்துக்கொள்வோம். கி.மு. 600 வாக்கில் கிரேக்கர்கள் மார்செய் நகரை நிறுவித் திராட்சை பயிரிட்டார்கள். இத்தாலியின் எட்ரஸ்கன் வணிகர்களும் அந்தக் கரைக்கு ஜாடி ஜாடியாக ஒயின் கொண்டுவந்தார்கள். ரோம் அப்போது டைபர் ஆற்றங்கரையில் ஓர் ஊர், அவ்வளவுதான்.

ரோமும் இந்தத் தொழிலைப் பிறரிடமிருந்தே கற்றது. கி.மு. 146இல் வட ஆப்பிரிக்காவில் இருந்த எதிரி நகரமான கார்த்தேஜை அழித்தபோது அங்கிருந்த நூல்களை ஆப்பிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த ஊர்க்காரரான மாகோ எழுதிய 28 பகுதி வேளாண் நூலை மட்டும் லத்தீனில் பெயர்க்கச் சொன்னது ரோமின் ஆட்சி மன்றமான செனட். எதிரியின் ஊரைத் தரைமட்டமாக்கியவர்கள் அவனுடைய விவசாய அறிவை விட மனமில்லாமல் வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் இத்தாலியப் பெருந்தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் ஒயின் பெருகியது. அது கல்லியாவுக்குக் கப்பலேறியது. ஒரு ஜாடி ஒயினுக்கு ஓர் அடிமையையே கொடுத்தார்கள் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் டயோடோரஸ். தென் பிரான்ஸின் ஜியான் அருகே கடலில் கிடைத்த ஒரு கப்பலில் மட்டும் 6,000க்கும் மேற்பட்ட ஜாடிகள் இருந்தன. சீசர் கல்லியா மீது படையெடுத்ததோ கி.மு. 58இல்தான். அதற்குள் ஒயின் அங்கே நன்றாக ஊன்றிவிட்டது. வடக்கே நெர்வியர் என்ற இனக்குழு மட்டும் வீரம் குன்றிவிடும் என்று ஒயினை உள்ளே விடவில்லை. இதைச் சீசரே எழுதியிருக்கிறார்.

நம் அரிக்கமேட்டிலும் மத்தியதரைக் கடல் ஒயின் ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. அங்கே எந்த ரோமப் படையும் வரவில்லை.

குடிப்பது வேறு, பயிரிடுவது வேறு. ரோம ஆட்சி நிலைத்த பிறகுதான் ரோன் ஆற்றை ஒட்டி உள்நாட்டுக்குள் திராட்சைத் தோட்டங்கள் பெருகின. அங்கிருந்த அல்லோப்ரோகர்கள் என்ற கல்லிய இனக்குழுவினர் குளிர் தாங்கும் ஒரு திராட்சை வகைக்குப் பேர்போனார்கள். இந்தப் பெருக்கத்தை ரோம் முழு மனதோடு வரவேற்கவும் இல்லை. கி.பி. 92 வாக்கில், தானியம் குறைகிறது என்று மாகாணங்களின் கொடிகளில் பாதியையாவது வெட்டும்படி பேரரசர் டொமிஷியன் ஆணையிட்டார். பிறகு அவரே அதை வலியுறுத்தவில்லை.

கல்லியர் வெறுமனே வாங்கிக்கொண்டவர்களும் அல்ல. களிமண் ஜாடியைவிட எளிதில் உருட்டிப் போகக்கூடிய மரப்பீப்பாய் அவர்கள் கைவேலை. 3ஆம் நூற்றாண்டில் இன்றைய ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையின் நோய்மாகனில் எழுப்பிய கல்லறைச் சிற்பத்தில், ஒயின் படகு ஏற்றிப்போவது பீப்பாய்களைத்தான்.